மலைநாட்டு மண்ணும் ஈழத்துக் கடலும்

நிலத்தை ஐவகையாக வகுத்துக் கண்ட பழந்தமிழர், மலையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றும், கடலும் கடல்சார்ந்த இடத்தையும் நெய்தல் என்றும் வழங்கினர். தொழிலாலும் ஒழுக்கத்தாலும் தெய்வத்தாலும் வேறுபட்ட இவ்விரு திணைகளையும் இலக்கணம் தனித்தனியே வைத்தது. ஆயினும் இயற்கை இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்தே வைத்திருக்கிறது. அப்பிணைப்பு ஆறு. மலையில் ஒருவன் செய்யும் நன்மையையும் தீமையையும் கடற்கரையில் வாழும் மற்றொருவன் வாயிலிற் கொண்டுசென்று சேர்ப்பது அதுவே.

கடலைக் காத்தல் பற்றி இக்காலத்திற் பலரும் பேசுகின்றனர். பேசுவோர் பெரும்பாலும் கப்பலையும் துறைமுகத்தையும் எண்ணெயையும் பற்றியே பேசுவர். கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில், மேகந்தவழும் நுவரெலியாவிலும் அட்டனிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்வோருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். அத்தொடர்பு இருநூறாண்டு வரலாற்றையுடையது என்பதையும், அதனை மறந்தமையாலேயே கடலைக் காக்க நாம் செய்த முயற்சிகள் பாதிவழியில் நின்றன என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நாட்டின் அமைப்பை நோக்குவோம். இலங்கைத்தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைத்தொகுதியிலிருந்தே அதன் பேராறுகள் பிறக்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி கங்கை அட்டன் மேட்டுநிலத்தினின்றும் ஹோட்டன் சமவெளியினின்றும் வரும் நீரையேற்று, வடகிழக்கே ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. 145 கிலோமீற்றர் நீளமுடைய களனி கங்கை சிவனொளிபாதமலைத் தொடரிற் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவையும் கெகல்கமு ஓயாவையும் இணைத்துக்கொண்டு கொழும்பின் வடபால் மேலைக்கடலை அடைகின்றது. களுகங்கை களுத்துறையிலும் வளவை கங்கை அம்பலாந்தோட்டையிலும் கடல் சேர்கின்றன. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. அப்பகுதியின் முகட்டில் விழும் மழைநீரில் டிக்கோயாப் பக்கம் இறங்குவது களனியாகி மேற்கே போகின்றது. மறுபக்கம் இறங்குவது மகாவலியாகிக் கிழக்கே போகின்றது. ஒரே தோட்டத்து மண் இரு கடல்களுக்கும் உரியதாகும் நிலை இந்நாட்டிற்கன்றி வேறெந்நாட்டிற்கு எளிதில் வாய்க்கும்?

கண்டியரசு வீழ்ந்த 1815ஆம் ஆண்டுவரை இம்மலைகளின் உயர்ந்த பகுதிகளைப் பெருங்காடு மூடியிருந்தது. காட்டின் இலைச்செறிவு மழையின் வேகத்தைத் தாங்கிற்று. அடியில் மக்கிய சருகு நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல ஊற்றுக்களாக விடுத்தது. 1820களிற் கம்பளைப் பக்கத்தில் ஐரோப்பியர் கோப்பி பயிரிடத் தொடங்கினர். தேசாதிபதியாயிருந்த எட்வேட் பாண்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பித்தோட்டம் அமைத்தார். அரசாங்கம் ஏக்கர் ஒன்றை ஐந்து சிலிங் என்னும் சிறுவிலைக்கு விற்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், உறுதி காட்டவியலாத காட்டுநிலத்தையும் தரிசுநிலத்தையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. இதன் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளிற் கோப்பிநிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

அக்காலத்துப் பயிர்முறையைச் சிறிது நோக்குதல் தகும். மலைச்சரிவின் மரங்களை முற்றாக வெட்டி வீழ்த்தித் தீயிட்டனர். சாம்பல் படிந்த வெறுநிலத்திற் சரிவின் மேலிருந்து கீழாக நேர்வரிசையிற் கன்றுகளை நட்டனர். வரிசைகளுக்கிடையே புல்லும் முளையாதவாறு சுரண்டிக் களையெடுப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமென்று கருதினர். பருவமழை அவ்வெறுநிலத்தின் மேல் வீழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளாகத் திரண்ட மேல்மண் ஆற்றுக்குள் இறங்கிற்று. 1869ஆம் ஆண்டிற் கோப்பியிலையிற் கண்ட துருநோய் சில ஆண்டுகளுள் அப்பயிரை அழித்தது. கோப்பி அழிந்தது, அது நின்ற மேல்மண்ணும் பெரும்பகுதி போயிற்று. மண் எங்கே போயிற்று என்று அன்று கேட்டவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர். 1873ஆம் ஆண்டில் அவர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடல் வேண்டுமென இலங்கை அரசாங்கத்திற்கு அறிவுரை கூறினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத வனமும் இன்றும் காடாக நிற்பதற்கு அவ்வறிவுரை முதற் காரணமாயிற்று. ஹோட்டன் சமவெளி 1969இற் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசிய வனமாகவும் ஆயிற்று. 2010இல் மத்திய உயர்நிலங்களின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஹூக்கர் கருதியது மழையையும் நீரூற்றையுமேயன்றிக் கடலையன்று. எனினும் ஈழத்துக் கடலைக் காத்த முதற் சட்டவரம்பு எதுவென்று கேட்பின், கடற்கரையில் அன்று, ஐயாயிரம் அடி உயரத்தில் வரையப்பட்ட அவ்வரம்பே என்று விடைகூறுதல் பிழையாகாது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, இருபதாண்டுகளுக்குள் மலைநாடெங்கும் பரந்தது. 1885இல் நானுஓயாவரை புகையிரதப்பாதை அமைந்தது. தேயிலை எப்பொழுதும் பசுமையானது. நெருங்கி வளர்ந்தபின் நிலத்தை நன்கு மூடுவது. ஆகவே அது கோப்பியினும் மண்ணுக்கு நல்லது என்பது உண்மையே. ஆயின் கன்று வளர்ந்து மூடும்வரையுள்ள ஆண்டுகளிலும், கவ்வாத்து வெட்டியபின் செடி வெறுங்கிளையாக நிற்கும் காலத்திலும், பழைய செடி அகற்றிப் புதுச்செடி நடும் பொழுதும் நிலம் மழைக்கு இரையாகின்றது. செடி பட்டு இடைவெளி விழுந்த பழைய மலைகளில் இழப்பு இன்னும் மிகுதி.

இவ்விழப்பைத் தடுத்த கைகள் யாருடையவை என்பதும் வரலாற்றில் எழுதப்படவேண்டியது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த மக்களின் வழியினரே மலைச்சரிவிற்குக் குறுக்கே கான் வெட்டினர், கல்லடுக்கி அணைகட்டினர், நிழல்மரம் நட்டனர். ‘கான் வெட்டு’ என்பது தோட்டங்களில் இன்றும் வழங்கும் வேலைப்பெயர். இடையிடையே தடுப்பு வைத்து வெட்டிய கானில் ஓடிவரும் நீர் தேங்கும். மண் அடியிற் படியும். தெளிந்த நீர் மெல்லச் செல்லும். படிந்த மண்ணை வாரி மீண்டும் செடியடியிற் போடுவர். பொறியியலாளர் ஒருவர் வியந்து போற்றத்தக்க இவ்வேலையைச் செய்தவர்களுக்கு அது நாட்கூலி வேலை. நாடு அதனை ஒரு காப்புத்தொழிலாக எண்ணியதில்லை.

மண்ணரிப்பை அரசாங்கம் தீவிரமாக ஆராயத் தொடங்கியது 1930களில். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளமும் அதனோடு மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளும் அவ்வாராய்ச்சியின் அவசியத்தை எல்லோருக்கும் உணர்த்தின. 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. இங்கே ஒரு முரண்பாட்டைக் கருதாமற் செல்லலாகாது. மண்ணைக் காக்கும் சட்டம் வருவதற்கு மூன்றாண்டுகளின் முன், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், அம்மண்ணிற் கான் வெட்டிய மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இருநாடுகளுக்கும் பங்கிட்டது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடே அக்கதை ஒருவாறு முடிவுற்றது. தன் நிலம் என்று சொல்ல உரிமையில்லாதவனிடம் நிலத்தைக் காக்கும் பொறுப்பை மட்டும் எதிர்பார்த்தல் எவ்வாறு நீதியாகும்? மண் பாதுகாப்பு என்பது மண்ணில் வாழ்வோனின் உரிமையிலிருந்து பிரிக்கமுடியாதது என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.

இனி, ஆறு கொண்டுசென்ற மண் கடலில் என்ன செய்கின்றது என்பதைக் காண்போம். ஆற்றுமண் எல்லாம் கடலுக்குத் தீது என்று கருதலாகாது. கடற்கரை மணலை ஆக்குவது ஆறே. கடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் உப்புக்களைக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. கண்டற்காடுகள் செழிப்பது ஆற்று வண்டலிலேயாம். தீது விளைவது அளவு மிகும்பொழுது. நுண்மண் கலங்கிய நீரில் ஞாயிற்றொளி புகாது. முருகைக்கல்லை ஆக்கும் நுண்ணுயிர்கள் தம்முள் வாழும் பாசியின் துணையால் உண்டு வாழ்வன. அப்பாசிக்கு ஒளி இன்றியமையாதது. ஒளி குன்றினால் முருகைக்கல் நலியும்; சேறு படிந்தால் மூச்சடைத்து மாளும். கடற்புற்றரைகளும் அவ்வாறே அழியும். அவை அழிந்தால் அவற்றை மேயும் ஆவுளியாவுக்கும் ஆமைக்கும், அவற்றினிடையே குஞ்சு பொரித்து வளரும் மீனுக்கும் இடமில்லை. தோட்டங்களிலும் மரக்கறிப் பாத்திகளிலும் இடும் உரத்தின் மிகுதி நீரிற் கரைந்து வருமாயின், கழிமுகங்களிற் பாசி பெருகி, அது மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வாயு குறையும். மீன் மூச்சுத்திணறி இறக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கடலின் துன்பம் அனைத்திற்கும் மலைநாட்டு மண்ணையே காரணமாகக் கூறுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. மன்னார் முத்துச் சலாபத்தின் வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1902ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உயிரியலறிஞர் ஹேட்மன் முத்துப்பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார். நீரோட்டத்தாற் பெயரும் மணல் இளஞ்சிப்பிகளை மூடுதலும், சிப்பிகள் மிதமிஞ்சி நெருங்கியிருத்தலும், அவற்றைத் தின்னும் உயிர்களும் அழிவுக்குக் காரணங்கள் என அவர் கண்டார். 1905இற் பெருங்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டு முத்துக்குளிக்கும் உரிமை ஒரு கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டது. 1907இன் பின் நெடுங்காலம் சிப்பி கிட்டவில்லை. இதற்கு மலைநாட்டு மண் காரணமென்று கூறச் சான்றில்லை. பேராசையுடன் இயற்கையின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தமையே காரணம் எனலாம். ஆயினும், கடலடியில் ஒட்டிவாழும் உயிர்க்கு அதனை மூடும் மணலினும் கொடிய பகை வேறில்லை என்னும் பாடத்தை மன்னார் நமக்குக் கற்பித்தது. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குச் சுட்டவர்களும், மீனுக்கு வெடிவைத்தவர்களும் செய்த கேட்டினையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மண் மிகுதலால் வரும் கேடு ஒன்று. மணல் குறைதலால் வரும் கேடு மற்றொன்று. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின்சாரத் திட்டம், நெடுங்காலத் தடைகளின் பின் 1950இல் இலக்சபானவில் நிறைவேறிற்று. 1965இற் காசல்ரீ, 1969இல் மவுஸ்ஸாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மகாவலியின் குறுக்கே 1976இற் பொல்கொல்லையும், 1985இற் கொத்மலையும் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகலையும் அமைந்தன. இவை நாட்டுக்கு ஒளியும் நீரும் தந்தன. அதே வேளையில் மலையிலிருந்து வரும் மண்ணையும் மணலையும் தம்முட் சிறைப்படுத்தின. நீர்த்தேக்கங்களில் வண்டல் ஏறிற்று; கடற்கரைக்கு வேண்டிய மணல் வரத்துக் குறைந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிற் கட்டட வேலைக்கு மணல் அள்ளுதலும் பெருகியபோது களனி முகத்துவாரத்திற்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரிக்கலாயிற்று. மலையில் மண் அரிப்பு, கடலோரத்தில் மணல் அரிப்பு: இரண்டும் ஒரே ஆற்றின் இரு நோய்கள். வரட்சிக் காலத்தில் மவுஸ்ஸாக்கலை நீர் வற்றும்போது, மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டுத்தலங்கள் வெளித்தோன்றுகின்றன. காணச்செல்வோர் கோயிற் சுவரைக் காண்கின்றனர். சுவரைச் சூழப் படிந்துகிடக்கும் சேறு எந்தத் தோட்டத்து மேல்மண் என்று எண்ணுவோர் அரியர்.

இவ்வாறு மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு பெருகிவந்த காலத்தில், கடலைக் காக்கும் சட்டம் வேறொரு வழியில் வளர்ந்தது. கப்பல்கள் கடலில் எண்ணெய் விடுவதைத் தடுக்க 1954இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1967இல் டொறி கன்யன் என்னும் எண்ணெய்க்கப்பல் இங்கிலாந்தின் கோண்வால் கரைக்கப்பாற் பாறையில் மோதியபோது உலகம் விழித்துக்கொண்டது. 1973இற் கூடிய ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பது நாம் பெருமிதத்துடன் நினைவுகூரத்தக்கது. 1980இல் அவர் மறைந்தபின், 1982இல் அச்சட்டம் கையொப்பமாயிற்று. 1994இல் நடைமுறைக்கு வந்தது. தரையிலிருந்து வரும் மாசினைத் தடுப்பது அரசுகளின் கடமையென்று அதன் 207ஆம் உறுப்புரை கூறுகின்றது. கடலை மாசுபடுத்துவனவற்றுட் பெரும்பகுதி கப்பலிலிருந்தன்று, தரையிலிருந்தே வருகின்றது என்பது இன்று அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு.

இலங்கையில் 1981ஆம் ஆண்டிற் கடல் மாசடைதலைத் தடுக்கும் சட்டமும், கரையோரம் பேணற் சட்டமும் நிறைவேறின. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்தது. ஆயின் மண்ணுக்கு ஒரு சட்டம், காட்டுக்கு ஒரு சட்டம், ஆற்றுநீருக்கு ஒரு சபை, கரைக்கு ஒரு திணைக்களம், கடலுக்கு ஓர் அதிகாரசபை என அனைத்தும் வேறுவேறாகவே இயங்கின. இலக்கணநூலார் பயிலுவோர் பொருட்டுத் திணைகளைப் பிரித்துக் கூறினர். நாமோ நிருவாகத்தின் பொருட்டு இயற்கையையே பிரித்துவிட்டோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக்கப்பல் தீப்பற்றி எரிந்து, யூன் மாதத்தில் மூழ்கியது. 1,486 கொள்கலன்களைச் சுமந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலமும், 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாத்திக்கு மணிகளும் இருந்தன. அம்மணிகள் மேலைக்கரை முழுவதும் வெண்பனிபோலப் படிந்தன. உலகிற் பதிவான இத்தகைய சிதறல்களுள் இதுவே மிகப்பெரியது என்பர். ஆமைகளும் டொல்பின்களும் இறந்து கரையொதுங்கின. மீனவர் கடலுக்குச் செல்லுதல் தடைப்பட்டது. 2025 யூலையில் நாட்டின் உயர்நீதிமன்றம், நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது. கடலுக்கு இழைத்த தீங்கிற்கு விலையுண்டு என்று நீதிமன்றம் கூறியமை பெரும் பேறே. ஆயின் கப்பலுக்குப் பெயருண்டு, உடைமையாளர் உண்டு, வழக்குத்தொடுக்க வழியுண்டு. மழைநாள்தோறும் மலையிலிருந்து இறங்கும் சேற்றுக்கும், மலைநகரங்களின் ஓடைகளில் எறியப்பட்டுக் களனி வழியே கடல் சேரும் பிளாத்திக்குப் பைக்கும் யார்மேல் வழக்குத் தொடுப்பது?

பெயரற்ற அக்கேட்டைத் தடுக்க அரசாங்கங்கள் திடீர்க்கட்டளை இட்டுப் பார்த்ததும் உண்டு. 2015இற் கிளைபோசேற்று என்னும் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை நீங்கிற்று. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. தேயிலையும் நெல்லும் வீழ்ச்சியுற்றபின் அவ்வாண்டு முடியுமுன்னரே அக்கட்டளை கைவிடப்பட்டது. நோக்கம் எத்துணை நன்றாயினும், தோட்டத்தில் வேலைசெய்வோனை வினவாமலும், மாற்றுவழியை முன்னரே ஆயத்தஞ் செய்யாமலும் இட்ட கட்டளை நிலைபெறாது என்பதற்கு இவை சான்றாம்.

மலையின் மண் கடலுக்கு மட்டும் கேடு செய்வதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளால் ஊர்களை அழித்தது. கடலில் மீன் மாள்வதற்கும் மலையில் மனிதன் மாள்வதற்கும் மூலம் ஒன்றே: பிடிப்பிழந்த சரிவு. ஆகவே கடலைக் காக்கச் சரிவைப் பேணுவோன் முதலிற் காப்பது தன் குழந்தை உறங்கும் லயத்தையேயாம்.

செய்யத்தக்கன யாவை? ஆற்றங்கரைகளில் இயற்கைமரங்களை மீள நட்டு வளர்த்தல், தேயிலைக்கு உதவாது கைவிடப்பட்ட செங்குத்தான சரிவுகளைக் காட்டுக்கே திருப்பி விடுதல், வெட்டிவேர் முதலிய புல்வரம்புகளால் மண்ணைக் கட்டுதல், மரக்கறிப் பாத்திகளைச் சரிவிற்குக் குறுக்கே அமைத்தல், உரத்தை மழைக்கு முன் அன்றி அளவறிந்து இடுதல் ஆகியவை புதுமையான கருத்துக்களல்ல. கான்வெட்டும் தொழிலாளி இவற்றுட் பலவற்றை அறிவான். அவனுக்கு வேண்டுவது நில உறுதியும், உழைப்பிற்கேற்ற ஊதியமும், தான் காப்பது நாட்டின் கடலையும் என்னும் மதிப்புமாகும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஆளுவோர் மாறினரேயன்றிச் சரிவில் வாழ்வோர் மாறவில்லை. ஆகவே பேணற் பணியை அவர்களை நடுவாக வைத்தே திட்டமிடுதல் முறையாகும்.

முகத்துவாரத்தில் வலைவீசும் மீனவனும் டிக்கோயாவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவள் காலடியிற் கலங்கிய நீரே அவன் வலையடியிலும் ஓடுகின்றது. அந்நீர் தெளிந்தால் இருவர் வாழ்வும் தெளியும். கொட்டியாரக் குடாவுக்கப்பால் நீலத்திமிங்கிலம் நீந்தும் ஆழ்கடல்வரை செல்லும் மகாவலி, அட்டன் மலையில் ஒரு சிறு ஓடையாகவே புறப்படுகின்றது. அச்சிற்றோடையின் கரையிற் படிக்கும் நம் மாணவர், தாம் கடலோரத்தில் வாழ்பவரே என்று உணர்வாராயின், ஈழத்துக் கடலின் காவல் மலையிலேயே தொடங்கிவிட்டது என்று துணிந்து கூறலாம்.